கிளாட் படிக்கும்போது ‘இது எனக்கு வராது’ என்று தோன்றினால்: சேலத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, சாயங்காலம் நாலேகால் மணி. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் கிளாட் (சட்டப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வு) மாதிரித் தேர்வு எழுதி முடித்திருந்தார்கள். அதில் ஒருத்தி விடைத்தாளைத் திருத்தக்கூட இல்லை. பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். “அக்கா, இது எனக்கு வராதுக்கா. பேசாம பி.எஸ்சி. சேர்ந்துக்கறேன்.”

ஏற்காடு பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. உட்கார வைத்துத் திருத்தினோம். சரி 66, தப்பு 31, விட்டது 23. மொத்தம் 58.25. அதற்கு முந்தின மாதம் அவள் வாங்கியது 41. ஒரே மாதத்தில் பதினேழு மார்க் ஏறியவள், வராது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இது புதிதில்லை. நானே இரண்டு தடவை கிளாட் எழுதியவள். பத்தாவது வரை தமிழ் மீடியம். பள்ளப்பட்டியில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. முதல் தடவை கோட்டை விட்டதற்குக் காரணம் படிப்பு இல்லை. ஒரு பயிற்சி மையத்தில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு சனிக்கிழமையும் மார்க்கை மேலிருந்து கீழாக வாசிப்பார்கள். என் பெயர் எப்போதும் கடைசிக்குப் பக்கத்தில் வரும். அதைக் கேட்க முடியாமல் ஐந்து வாரம் மாதிரித் தேர்வே எழுதாமல் இருந்தேன். ‘இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாம்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது சேலம் கோர்ட்டில் ஜூனியராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே நாங்கள் செய்து பார்த்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள் என்று பாருங்கள்

கிளாட், தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் நுழைவுத் தேர்வு. 2008இல் தொடங்கியது. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இதன் வழியாகத்தான் போக வேண்டும். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக ஐலெட் என்று ஒன்று வைக்கிறது. நான் எழுதியபோது கிளாட் கணினியில் நடந்தது, 200 கேள்வி. இப்போது இளநிலைத் தேர்வில் 120 கேள்வி, 120 நிமிடம். பேனாவால் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்ப வேண்டும். சரியான விடைக்கு 1 மார்க், தப்புக்கு 0.25 கழியும்.

ஆங்கிலத்தில் 22 முதல் 26 கேள்வி வரும். நடப்பு நிகழ்வும் பொது அறிவும் சேர்ந்து 28 முதல் 32, சட்டப் பகுதியில் 28 முதல் 32, தர்க்கத்தில் 22 முதல் 26, கணக்கில் 10 முதல் 14. 2020லிருந்து எல்லாமே பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேள்வி கேட்கும் முறைதான். வினாத்தாள் முழுவதும் ஆங்கிலம்.

இந்தத் தேர்வு எதைக் கேட்பதில்லை என்பதையும் எழுதி வையுங்கள், நிறையப் பேர் அதைத் தெரியாமலேயே பயப்படுகிறார்கள். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, பத்தியில் கொடுத்த விதியைப் பொருத்திப் பார்த்தால் போதும். கணக்கு பத்தாம் வகுப்புக்கு மேல் போகாது. சமச்சீரில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவருக்கு அது இனிப்புக் கடை. பிளஸ் டூவில் பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 40 சதவீதம் இருந்தால் தகுதி. வயது உச்சவரம்பு கிடையாது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

படி 2: மனசில் ஓடும் வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்

‘எனக்குத் தன்னம்பிக்கை இல்லை’ என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. அது யாரோ சொல்லிக்கொடுத்த வாக்கியம். உள்ளே ஓடுவது எதுவோ அதை, உங்கள் பேச்சிலேயே, ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். அன்றைக்கு அந்தப் பெண் எழுதியது இது:

“ஒரு பத்தி படிக்க ஆறு நிமிஷம் ஆகுது.
மத்தவங்க எல்லாம் 90 எடுக்கறாங்க.
அப்பா காசு வீணாகுது.
நான் மக்கு.”

வக்கீலாகப் போகிறவர்கள்தானே, இதை வழக்குக் கட்டு போலவே பிரித்தோம். முதல் வரி அளக்கக்கூடியது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஆறா நாலா என்று தெரிந்துவிடும். இரண்டாவது வரி, யாரோ சொல்லக் கேட்டது. எந்தத் தேர்வில் 90, யார் எடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. கோர்ட்டில் இதைச் சாட்சியமாகப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது வரிக்கு இவளிடம் பதில் கிடையாது, அப்பாவிடம்தான் இருக்கிறது. அவரிடம் பேச வேண்டும். நாலாவதற்கு ஆதாரமே இல்லை, நேராகத் தீர்ப்பு. அதைத் தள்ளுபடி செய்தோம். அவளே பேனாவால் அடித்துவிட்டுச் சிரித்தாள்.

நான் பார்த்தவரை எல்லோருடைய தாளிலும் இந்த நாலு வகைதான் கலந்து வருகிறது. முதல் வகை வரி ஒன்றாவது கட்டாயம் இருக்கும். வேலை அங்கேதான் ஆரம்பம்.

படி 3: உணர்வை வைத்து அளக்காதீர்கள்

இது படி என்பதைவிட ஒரு காரணம், ஆனால் இது புரியாமல் அடுத்த படிகள் பிடிபடாது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு குழு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு கொஞ்சம் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியது. ‘ஒரு வாரம் கழித்து நன்றாக ஞாபகம் இருக்கும்’ என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள். வாரம் கழித்து உண்மையில் அதிகம் ஞாபகம் வைத்திருந்தவர்கள் எழுதிப் பார்த்தவர்கள்.

அதாவது, உருப்படியான படிப்பு படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ‘வரவில்லை’ என்றே தோன்றும். குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தால் ‘எல்லாம் தெரிகிறது’ என்று இதமாக இருக்கும். இரண்டையும் நம்ப முடியாது.

எங்கள் பட்டறையில் யாரும் வெள்ளியின் பளபளப்பைப் பார்த்துக் காசு கொடுக்க மாட்டார்கள். டச் (வெள்ளியின் சுத்தம்) பார்ப்பார்கள், எண் வரும், அதன்படி விலை. அழுக்குப் பிடித்துக் கறுத்துக் கிடக்கும் கட்டியில் நல்ல டச் வருவதை அப்பா எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். மாதிரித் தேர்வு அந்த வேலையைத்தான் செய்கிறது. நான் முதல் தடவை ஐந்து வாரம் டச் பார்க்காமலேயே ‘நான் மட்டமான வெள்ளி’ என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஊக்க வீடியோக்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் நெஞ்சு நிமிரும். அடுத்த பத்தியிலேயே மறுபடி குனியும். நான் யாருக்கும் அனுப்புவதில்லை.

படி 4: ஆங்கிலப் பத்தியைப் பற்றிய பயத்தை நிமிடத்தில் அளந்து பாருங்கள்

தமிழ் மீடியத்தில் படித்து வருபவர்களின் சந்தேகத்தில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொல். ஒரு பத்தியின் கீழ் சராசரியாக ஐந்து கேள்வி என்று வைத்தால், 120 நிமிடத்தில் சுமார் 24 பத்தி. ஒரு பத்திக்கும் அதன் கேள்விகளுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம். அப்படியானால் வாசிக்க மட்டும் இரண்டரை நிமிடம், நிமிடத்துக்கு 180 சொல். ஆறு நிமிடம் எடுப்பவர் நிமிடத்துக்கு 75 சொல் வாசிக்கிறார். இடைவெளி இவ்வளவுதான். ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்பது எட்டாத மலை, ‘75லிருந்து 180க்குப் போகணும்’ என்பது தூரம் தெரிந்த ரோடு.

போகும் வழி இது. தினமும் இரண்டு பத்தி, கடிகாரத்தோடு. முதலில் அன்றைய முக்கியச் செய்தியைத் தமிழ் நாளிதழில் படித்துவிடுங்கள். பிறகு அதே விஷயத்தைப் பற்றிய ஆங்கிலத் தலையங்கத்துக்குப் போங்கள். விஷயம் ஏற்கனவே தெரிவதால் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். தெரியாத சொல்லுக்கு நிற்காதீர்கள், அடிக்கோடு போட்டுவிட்டு நகருங்கள். முடித்த பிறகு ஐந்தே ஐந்து சொல்லுக்கு மட்டும் அகராதி. ஐம்பது சொல் எழுதும் உற்சாகம் மூன்று நாளுக்கு மேல் யாருக்கும் நின்று நான் பார்த்ததில்லை.

பெரிய சொற்களைவிடச் சின்னச் சொற்கள்தான் காலை வாரும். ‘அன்லெஸ்’, ‘ப்ரொவைடட் தட்’, ‘ஹவ்எவர்’, ‘ஒன்லி இஃப்’. சட்டப் பகுதியில் பல கேள்விகளின் விடை இந்தச் சொற்களின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். வாசிக்கும்போது இவற்றை வட்டமிடுங்கள்.

அந்த ஏற்காட்டுப் பெண் முதலில் பஸ்ஸில் வாசிக்கப் பார்த்தாள். அடிவாரம் தாண்டி ஐந்தாவது கொண்டை ஊசி வளைவிலேயே குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. இருபது வளைவு இருக்கிற மலைப்பாதையில் புத்தகம் பிடிப்பது யாருக்கும் ஆகாத காரியம். அதனால் முறையை மாற்றினோம். பஸ் கிளம்புமுன் சீட்டில் உட்கார்ந்து, போனில் கடிகாரம் வைத்து, ஒரே ஒரு பத்தி வாசிப்பாள். கிளம்பியதும் புத்தகம் பைக்குள் போய்விடும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அந்தப் பத்தியில் ஆசிரியர் முதலில் என்ன சொன்னார், அடுத்து என்ன சொன்னார், எங்கே ‘ஆனால்’ என்று திரும்பினார் என்று தமிழிலேயே மனசுக்குள் ஒப்பிப்பாள். “பன்னிரண்டாவது வளைவுக்குள்ள முடிச்சிடுவேன்க்கா, எங்க மறந்துச்சுன்னு அப்பவே தெரிஞ்சிடும்” என்பாள். நேரத்தை மட்டும் டிக்கெட்டின் பின்னால் குறித்து வைப்பாள். அக்டோபர் நடுவில் அந்த டிக்கெட்டுகளை மேசையில் பரப்பினோம். ஆறு நிமிடத்தில் ஆரம்பித்தது மூன்றேகாலில் நின்றிருந்தது. இரண்டரை இன்னும் வரவில்லை. ஆனால் தாளில் எழுதிய முதல் வரி அதற்குள் பொய்யாகிவிட்டிருந்தது.

படி 5: மாதிரித் தேர்வைத் திருத்துங்கள், மார்க்கைப் பார்த்து மூடாதீர்கள்

எழுத இரண்டு மணி நேரம் என்றால், திருத்த மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுவோம்.

அ: பத்தியில் இருந்தது, கவனிக்கவில்லை.
ஆ: பத்தியில் இல்லாததை நானே சேர்த்துக்கொண்டேன்.
இ: சரியாகப் போட்டு, பிறகு மாற்றினேன்.
ஈ: உண்மையிலேயே தெரியாது.

அன்றைக்கு அவளுடைய 31 தப்பில் அ 9, ஆ 8, இ 6, ஈ 8. எட்டுதான் தெரியாதவை. மீதி இருபத்து மூன்றும் கை தவறியவை. ‘எனக்கு வராது’ என்பது இந்த எட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், அதுவும் பெரும்பாலும் நடப்பு நிகழ்வு. அதற்கு மாதாந்திரத் தொகுப்பைப் படித்தால் போயிற்று.

‘ஆ’ வகை கொஞ்சம் சுவாரசியமானது, அதை மட்டும் ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். நம்ம ஊருக்காக நான் எழுதிய கேள்வி இது. விதி: ‘வெளியேறினால் கெடுதல் செய்யக்கூடிய ஒரு பொருளைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறிச் சேதம் உண்டாக்கினால், அவர் கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பாவார்; இயற்கைப் பேரிடரால் வெளியேறினால் பொறுப்பில்லை.’ நிகழ்வு: ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரிக்காரர் கழிவுநீரைத் தேக்க நல்ல உறுதியான தொட்டி கட்டினார். மாதம் ஒருமுறை ஆள் வைத்துச் சோதித்தார். அப்படியும் எலி வளை வழியாகத் தண்ணீர் கசிந்து பக்கத்து மரவள்ளிக் காட்டையும் கிணற்றையும் கெடுத்துவிட்டது. அவர் பொறுப்பா?

ஐந்து பேரில் மூன்று பேர் ‘இல்லை’ என்று போட்டார்கள். “அவர் என்னங்கக்கா பண்ணுவாரு, எலி தோண்டுனதுக்கு?” நியாயமான மனசு. ஆனால் விதி கவனத்தைக் கேட்கவே இல்லை, ‘கவனமாக இருந்திருந்தாலும்’ என்று எழுத்திலேயே இருக்கிறது. எலி வளை இயற்கைப் பேரிடரும் இல்லை. எனவே பொறுப்பு. (இந்த விதியின் வேர் 1868இல் இங்கிலாந்தில் முடிந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கு. தேர்வுக்கு அது தெரிய வேண்டியதில்லை.) தப்பாகப் போட்ட மூவருக்கும் சட்ட மூளை இல்லை என்று அர்த்தமா? பத்திக்கு வெளியிலிருந்து கொஞ்சம் இரக்கத்தைக் கொண்டுவந்து விட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு மருந்து, விடை போடுமுன் ‘இது எந்த வரியில் இருக்கிறது?’ என்று விரல் வைத்துக் காட்டுவது.

‘இ’ வகையும் அதே விரலால் குணமாகும். மாற்றத் தோன்றினால் பத்தியில் அதற்கான வரியைக் காட்டுங்கள். காட்ட முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. அதனால் வீட்டிலும் பேனாவாலேயே எழுதிப் பழகுங்கள், முடிவை வினாத்தாளில் எடுத்துவிட்டு அப்புறம் வட்டத்துக்குப் போங்கள்.

இப்போது அவள் விட்ட 23 கேள்வி. நெகட்டிவ் மார்க் பயம். ஒன்பதுக்கு நேரமே இல்லை, அது படி 4இன் பாடு. மீதி 14இல் இரண்டு ஆப்ஷன்களை அடித்துவிட்டு, மிச்ச இரண்டுக்கு நடுவே தயங்கி விட்டிருந்தாள். கணக்கைப் பாருங்கள். இரண்டில் ஒன்றைப் போட்டால் பாதி வாய்ப்புக்கு 0.5 வரும், பாதி வாய்ப்புக்கு 0.125 போகும், சராசரியாகக் கேள்விக்கு 0.375 லாபம். பதினான்குக்கு 5.25. மூன்றில் ஒன்று என்றாலும் 0.16 சொச்சம் லாபம்தான். ஒன்றுமே தெரியாமல் நாலில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால்கூட நஷ்டம் வராது, 0.06 வரும், அதற்காக மெனக்கெடத் தேவையில்லை. சந்தேகம் அவளிடமிருந்து அந்த ஒரே தேர்வில் ஐந்து மார்க் வாங்கிக்கொண்டு போயிருந்தது. எனக்குத் தெரிந்து பிள்ளைகள் முகம் மாறுவது ஆறுதல் வார்த்தையில் இல்லை, இந்தக் கணக்கில்தான்.

நோட்டில் தேர்வுக்கு ஒரு வரி போதும்: தேதி, மார்க், அ ஆ இ ஈ எத்தனை, விட்டது எத்தனை. மார்க் இறங்கினாலும் ‘ஆ’ குறைந்திருந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். மார்க் ஏறும், இறங்கும். வினாத்தாளுக்கு வினாத்தாள் கடினம் மாறும். மூன்று தேர்வின் சராசரியைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். பயிற்சிக்குக் காசு இல்லை என்று நிற்க வேண்டாம், கூட்டமைப்பின் இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இலவசமாக இருக்கின்றன.

படி 6: டெலிகிராம் குழுவிலிருந்து வெளியே வாருங்கள்

95 எடுத்தவர்தான் ஸ்கிரீன்ஷாட் போடுவார், 52 எடுத்தவர் போடமாட்டார். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. செப்டம்பர் முதல் வெளியே இருங்கள். விண்ணப்பம், ஹால் டிக்கெட் தேதியெல்லாம் கூட்டமைப்பின் தளத்திலேயே வரும்.

படி 7: வீட்டில் எண்ணோடு பேசுங்கள்

விண்ணப்பக் கட்டணமே நாலாயிரம் ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் 3,500. அதற்கு மேல் புத்தகம், பஸ் செலவு. ‘அப்பா காசு வீணாகுது’ என்ற குற்ற உணர்ச்சி வெறும் கற்பனை இல்லை, காசு காசுதான். ஆனால் அழுதுகொண்டு பேசினால் பெற்றோரும் பயந்து “விடு கண்ணு, வேற படிச்சுக்கலாம்” என்றுதான் சொல்வார்கள். அது பாசம்தான், ஆனால் உங்கள் காதில் ‘உன்னால் முடியாது’ என்று விழும்.

அந்தப் பெண்ணின் அப்பா காபி எஸ்டேட்டில் சூப்பர்வைசர். அவள் போய்ச் சொன்னது இவ்வளவுதான்: “அப்பா, போன மாசம் 41, இந்த மாசம் 58. டிசம்பர் வரைக்கும் எழுதிப் பார்க்கறேன்ப்பா. கிடைக்கலைன்னா சேலம் லா காலேஜுக்குப் போடறேன்.” அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி கண்ணு. காபிப் பழம் பறிக்கற சீசன், பரீட்சையன்னிக்கு நான் வர முடியாது. மாமாவைக் கூட்டிட்டுப் போ” என்றாராம். மூன்றாவது வரி அங்கே முடிந்தது.

உறவினர்களுக்கு இந்த எண்ணெல்லாம் சொல்ல வேண்டாம். “வக்கீலுக்குப் படிச்சா கேஸ் கிடைக்குமா?” என்று கேட்கும் பெரியப்பாவிடம், “பார்க்கலாங்க பெரியப்பா” போதும்.

படி 8: இரண்டாவது கதவைத் திறந்து வையுங்கள்

‘மாற்று வழி வைத்தால் முழு மூச்சோடு படிக்க மாட்டாய்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஒரே வாசல்தான் என்று நினைத்தால் ஒவ்வொரு தப்பு விடையும் உயிர் போகிற விஷயமாகிவிடும்.

தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் கொடுக்கிறது, நுழைவுத் தேர்வு இல்லை. சென்னையில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியும் அப்படித்தான். சேலத்திலேயே 2019 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. வேறு பட்டம் முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் வரலாம். எந்தக் கல்லூரியில் படித்தாலும் பிறகு வக்கீல் தொழிலுக்காக எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு ஒன்றேதான், போடும் கறுப்புக் கோட்டும் ஒன்றேதான். பெரிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்தால் வாய்ப்புகள் அதிகம் என்பது உண்மை. அங்கே போகாதவர்களிடம் கோர்ட்டில் தினமும் நான் தோற்கிறேன் என்பதும் உண்மை.

சேலம் சி. விஜயராகவாச்சாரியார், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, எந்த வகுப்புக்கும் போகாமல் தானாகச் சட்டம் படித்துத் தேறி வக்கீலானவர். 1920இல் நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை வகித்ததும் அவர்தான். அந்தக் காலம் வேறு, ஒப்பிடச் சொல்லவில்லை. நம்ம ஊர் வக்கீல் பரம்பரை இப்படியும் ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சொன்னேன்.

படி 9: அக்டோபர், நவம்பர்

சந்தேகம் உச்சத்துக்கு வருவது இப்போதுதான். காரணம் பெரும்பாலும் களைப்பு. சில வருடங்களாகக் கிளாட் டிசம்பரில் வருகிறது, பள்ளியில் அரையாண்டுத் தேர்வும் அதே மாதம். இரண்டு பக்கமும் இழுக்கும். இந்த இரண்டு மாதமும் வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பாடத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் கிளாட், சனிக்கிழமை பிழை நோட்டு, ஞாயிறு மாதிரித் தேர்வு என்று வைத்தால் தாங்கும். அதற்கு மேல் திட்டம் போட்டால் புதன்கிழமையே உடையும், உடைந்ததைக் காட்டி மனசு ‘பார்த்தாயா’ என்று கேட்கும்.

ஞாயிறு தேர்வை மதியம் 2 மணிக்கே ஆரம்பியுங்கள். உண்மைத் தேர்வு 2 முதல் 4 வரை. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம் அது. காலையில் எழுதி 75 வாங்கிவிட்டு, மதியம் 62 வந்ததும் ‘எல்லாம் போச்சு’ என்று உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போனது சாம்பார் சாதத்தால். அன்றைக்குக் குறைவாகச் சாப்பிடுங்கள்.

கடைசி பத்து நாள் புதிய புத்தகம் எதையும் வாங்காதீர்கள். பிழை நோட்டை மட்டும் புரட்டுங்கள்.

படி 10: இது வெறும் சந்தேகம் இல்லை என்றால்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அடிக்கடி அழுகை, வாழ்வதே வேண்டாம் என்ற நினைப்பு. இப்படி இருந்தால் மேலே சொன்ன நோட்டும் கணக்கும் வேலைக்கு ஆகாது. அன்றைக்கே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். டெலிமானஸ் (மனநல உதவி) எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் இருக்கிறது. சேலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. பல்வலிக்குப் போவது போலப் போய்வரலாம்.

படி 11: தேர்வு அறையில்

உங்களுக்கு நிதானமாக வரும் பகுதியில் ஆரம்பியுங்கள். வரிசைப்படிதான் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஏதோ ஒரு பத்தி கட்டாயம் புரியாமல் போகும், அது எல்லோருக்கும் போகும். அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு நகருங்கள். அடுத்த பத்திக்கு இந்தப் பத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடைசி பத்து நிமிடம், இரண்டில் தயங்கி விட்ட கேள்விகளுக்கு மட்டும். 0.375ஐ நினைவில் வையுங்கள்.

டிசம்பர் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் போன் செய்தாள். பின்னால் பஸ் சத்தம். “அக்கா, இங்கிலீஷ்ல ஒரு பத்தி சுத்தமா புரியலை, கோடு போட்டுட்டுத் தாண்டிட்டேன். விட்டது ஆறுதான்.” மார்க் எவ்வளவு வரும் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. “மாமா டீ வாங்கிட்டு வந்துட்டாரு, வைக்கறேன்க்கா. புதன்கிழமை ஹாஃப் இயர்லி ஆரம்பம், தமிழ் இன்னும் எடுக்கவே இல்லை.”